கொட்டாவி யாருடைய செயல்?

கொட்டாவி தொடக்கமும் முடிவும் தெளிவாகத் தெரியும் ஓர் உடற்செயல். தாடை மெல்லக் கீழிறங்க, மூச்சு நீண்டு உள்ளே போகிறது. வாய் முழுதாகத் திறந்து ஒரு கணம் நின்று, குறுகிய வெளிமூச்சோடு மூடிக்கொள்கிறது. கண் சுருங்கி நீர் கசியும். காதின் அடைப்பு விடும். சில வேளைகளில் தோளும் கையும் நீண்டு சோம்பல் முறியும். அமெரிக்காவின் மேரிலாந்துப் பல்கலைக்கழகத்தில் இதைப் பல ஆண்டுகள் ஆராய்ந்த ராபர்ட் புரொவைன் 1986 இல் வெளியிட்ட அளவுகளின்படி ஒரு கொட்டாவி சராசரியாக 6 விநாடி நீடிக்கிறது. மூக்கைப் பொத்திக்கொண்டும் அதை விடலாம். பல்லைக் கடித்துக்கொண்டு விட்டாலோ பாதியில் நின்றது போல இருக்கும். விட்ட திருப்தி வராது. தொடங்கியபின் அதை நிறுத்துவதும், வேண்டும்போது உண்மையான ஒன்றை வரவழைப்பதும் கடினம்.

இவ்வளவு சிறிய செயலைச் சமயங்கள் கவனிக்காமல் விடவில்லை. வழிபாட்டின் நடுவே கொட்டாவி விடுவது குற்றமா என்ற கேள்வி பழையது. அது இன்றும் உயிரோடு இருக்கும் இடங்களில் ஒன்று கனடா. ரொறன்ரோவுக்கு வடக்கே, மார்க்கத்துக்கு அப்பால் உள்ள ஸ்ரௌவ்வில் நகரத்தின் தமிழ்க் குடும்பங்களுக்குப் பெரிய கோயில்கள் றிச்மண்ட் ஹில்லிலும் ஸ்காபரோவிலும் இருக்கின்றன. மகா சிவராத்திரி மாசி மாதத்தில், அதாவது ஒன்ராறியோவின் பனிக்காலத்தில் வருகிறது. பகல் முழுதும் வேலை செய்துவிட்டு, பனியில் கார் ஓட்டிப் போய், நான்கு யாமப் பூசையும் பார்க்க விழித்திருப்பவருக்கு இரண்டாம் யாமத்திலேயே கொட்டாவி தொடங்கிவிடும். பக்கத்தில் இருக்கும் பெரியவர் முகம் சுளிப்பார். அந்தச் சுளிப்பு நியாயமானதா என்று பார்க்க, கொட்டாவியை விடுவது யார் என்பதை முதலில் பார்க்க வேண்டும்.

உடலியல் இதற்குத் தரும் விடை ஓரளவு தெளிவானது. கொட்டாவியின் அசைவுகளைக் கோத்து நடத்துவது மூளைத்தண்டு. மூளையின் பெரும்பகுதி வளராமல் பிறக்கும் குழந்தைகள்கூடக் கொட்டாவி விட்டிருக்கின்றன. அதைத் தூண்டுவதில் ஹைப்போதலமஸின் ஒரு சிறு நரம்பணுத் திரளுக்கும், டோப்பமைன், ஒக்சிரோசின் ஆகிய வேதிப்பொருள்களுக்கும் பங்குண்டு. மனச்சோர்வுக்குத் தரப்படும் சில மாத்திரைகள் ஓயாத கொட்டாவியைப் பக்கவிளைவாகக் கொண்டுவருவதும் உண்டு. கருவில் இருக்கும் சிசுவும் கொட்டாவி விடுகிறது. இங்கிலாந்தின் டர்ஹம் பல்கலைக்கழகத்தினர் 2012 இல் வெளியிட்ட ஆய்வு 15 சிசுக்களை 24 ஆம் வாரம் முதல் 36 ஆம் வாரம் வரை ஸ்கான் வழியாகப் பார்த்தது. வாய் வெறுமனே திறப்பதையும் கொட்டாவியையும் பிரித்தறிய முடிந்தது. 28 ஆம் வாரத்துக்குப் பிறகு கொட்டாவி குறைந்தது. சலிப்பதற்கு உலகத்தையே காணாத உயிர் அது.

நோயாளிகளிடம் காணப்படுவது இதைவிட வியப்பானது. மூளைத்தண்டின் முன்பகுதி சேதமடைந்து, கண்ணைத் தவிர எதையும் தன் விருப்பத்தால் அசைக்க முடியாதவர்கள் இருக்கிறார்கள். வாயைத் திற என்றால் அவர்களால் திறக்க முடியாது. கொட்டாவி வரும்போது அதே வாய் அகலத் திறக்கிறது. பக்கவாதத்தால் ஒரு கை முற்றாக விழுந்துபோன சிலருக்குக் கொட்டாவியின்போது அந்தக் கை தானாக மேலெழுகிறது. பிரெஞ்சு மருத்துவர் ஒலிவியே வாலுசின்ஸ்கியும் உடன் ஆய்ந்தவர்களும் 2005 இல் இதற்கு ஒரு மருத்துவப் பெயரும் சூட்டினார்கள். கை எழுந்ததும் நோயாளிக்கு நம்பிக்கை வருகிறது. அடுத்த கணம் அதைத் தூக்க முயன்றால் அசையாது. விருப்பத்தின் வழி அடைபட்ட உடலில் விருப்பத்தைக் கேட்காத ஒரு வழி திறந்தே இருக்கிறது என்பதே இதன் பொருள்.

இந்த வழியை இந்திய மரபு காற்றின் பெயரால் விளக்கியது. உடலில் பத்து வாயுக்கள் இயங்குகின்றன என்பது யோக நூல்களும் சித்த மருத்துவமும் ஏற்ற கருத்து. பிராணன், அபானன் முதலிய ஐந்தும் முதன்மையானவை. ஏப்பம், இமைப்பு, தும்மல், கொட்டாவி போன்ற சிறு தொழில்கள் மற்ற ஐந்துக்கும் உரியவை. கேரண்ட சங்கிதை போன்ற வடமொழி யோக நூல்கள் கொட்டாவியைத் தேவதத்தன் என்ற வாயுவிடம் ஒப்படைக்கின்றன. சித்த மருத்துவம் கொட்டாவிக்காற்று என்றே ஒன்றைச் சொல்கிறது. இன்றைய உடலியல் நூலில் இந்த வாயுக்களைத் தேடிக் காண முடியாது. ஆனால் பிரித்த விதம் கவனிக்கத் தக்கது: ‘நான் செய்கிறேன்’ என்று ஒருவர் சொல்லக்கூடிய செயல்களின் பட்டியலில் கொட்டாவி சேரவில்லை. அது இமைப்போடும் தும்மலோடும் வைக்கப்பட்டது.

மருத்துவ நூல்கள் இதிலிருந்து ஒரு விதியைப் பெற்றன. சித்த மருத்துவம் அடக்கக் கூடாத பதினான்கு வேகங்களைச் சொல்லும். சிறுநீர், மலம், தும்மல், பசி, தாகம், தூக்கம், கண்ணீர் ஆகியவற்றோடு கொட்டாவியும் அவற்றுள் ஒன்று. சரக சங்கிதையின் சூத்திர தானம் ஏழாம் அத்தியாயம் பதின்மூன்று வேகங்களைத் தந்து, கொட்டாவியை அடக்கினால் உடல் வளைதல், இழுப்பு, மரத்துப்போதல், நடுக்கம் ஆகியன வரும் என்று எச்சரிக்கிறது. அந்த எச்சரிக்கையை இன்றைய மருத்துவம் ஏற்காது. அடக்கிய கொட்டாவியால் எவருக்கும் இழுப்பு வருவதில்லை. அந்த அத்தியாயத்தின் மதிப்பு அடுத்த பகுதியில் இருக்கிறது. அடக்கக் கூடாதவற்றைச் சொன்ன கையோடு, அடக்க வேண்டிய வேகங்களையும் அது சொல்கிறது: பேராசை, துயரம், அச்சம், சினம், செருக்கு, பொறாமை, பிறரைப் புண்படுத்தும் சொல், பிறர் பொருளைக் கவரும் எண்ணம். உடல் எழுப்பும் வேகம் ஒரு பக்கம், மனம் எழுப்பும் வேகம் மறுபக்கம். வழிபாட்டில் கொட்டாவி குற்றமா என்ற கேள்விக்கு இதைவிடத் தெளிவான தொடக்கத்தை எந்தச் சமய நூலும் தரவில்லை என்றே சொல்லலாம். தந்ததோ ஒரு வைத்திய நூல்.

புராணங்களுக்கு வேறு அக்கறை இருந்தது: கொட்டாவி எங்கிருந்து வந்தது? மகாபாரதத்தின் உத்தியோக பருவத்தில் விருத்திராசுரன் இந்திரனை விழுங்கிவிடுகிறான். கலங்கிய தேவர்கள் கொட்டாவியைப் படைத்து அசுரன்மேல் ஏவுகிறார்கள். அவன் வாயைப் பிளந்தபோது இந்திரன் உடலைக் குறுக்கிக்கொண்டு வெளியே வருகிறான். அன்றுமுதல் உயிர்களின் மூச்சோடு கொட்டாவி ஒட்டிக்கொண்டது என்கிறது கதை. இங்கே அது தேவர்களின் ஆயுதம், அசுரனையும் மீறி அவன் வாயைத் திறக்கவைத்த ஒன்று. பாணாசுரன் போரில் கண்ணன் ஏவிய கணையால் சிவபெருமானே கொட்டாவி விட்டுச் சோர்ந்ததாகப் பாகவதம் சொல்லும். சைவர்கள் அதிகம் எடுத்துப் பேசாத கதை இது. அதே பாகவதத்தில், பால் குடித்த குழந்தைக் கண்ணன் கொட்டாவி விடும்போது யசோதை அவன் வாய்க்குள் வானும் கடலும் மலையும் காண்கிறாள். தமிழில் பெரியாழ்வார் அந்தக் காட்சியைக் குழந்தைக்கு நாக்கு வழிக்கும் நேரத்துக்கு மாற்றிவிட்டார். பிள்ளை வளர்த்த வீட்டுக்கு அது இன்னும் பொருத்தமான நேரம்தான்.

இவற்றில் எங்கும் கொட்டாவி பாவம் அல்ல. ஆனால் திறந்த வாய் பாதுகாப்பற்ற வாசல் என்ற அச்சம் பல நாடுகளில் இருந்தது. கொட்டாவி விடும்போது வாய்க்கு முன்னால் விரலைச் சொடுக்கி ‘ராமா’ அல்லது ‘சிவசிவா’ என்பது இந்தியாவெங்கும் அண்மைக்காலம் வரை இருந்த வழக்கம். 1871 இல் வெளிவந்த எட்வர்ட் டைலரின் மானிடவியல் நூலிலும் அது பதிவாகியிருக்கிறது. ஐரோப்பியக் கிறிஸ்தவர் வாயின்மேல் சிலுவை வரைந்தார்கள். நான்காம் நூற்றாண்டில் எகிப்தியப் பாலைவனத்தில் தவமிருந்த எவாகிரியஸ், நண்பகலில் துறவியைப் பிடிக்கும் சோர்வுப் பேயைப் பற்றி எழுதினார். அதற்கு ஆட்பட்டவன் படிக்க உட்கார்ந்தால் அடிக்கடி கொட்டாவி விடுவான் என்பது அவர் கண்ட அடையாளம். பௌத்தப் பாலி நூல்கள் தியானத்துக்குத் தடையான ஐந்தில் ஒன்றாகிய மடியும் மயக்கமும் வளரக் காரணமானவற்றுள் உண்ட மயக்கத்தோடு கொட்டாவியையும் வைத்தன. இஸ்லாத்தில் புகாரி தொகுத்த நபிமொழி தும்மலை இறைவன் விரும்புகிறான், கொட்டாவியை விரும்புவதில்லை என்கிறது. கொட்டாவி சைத்தானிடமிருந்து வருவது. இயன்றவரை அடக்க வேண்டும். அந்த ‘இயன்றவரை’ முக்கியமானது. முற்றாக அடக்க முடியாது என்பதை ஏற்றுக்கொண்டே அந்த விதி பேசுகிறது.

தமிழில் இதற்கு நேரான விதி ஆசாரக்கோவையில் உண்டு. பெருவாயின் முள்ளியார் பாடிய அந்த நூல் சிரிப்பு, கொட்டாவி, காறுதல், தும்மல் ஆகியவற்றைப் பெரியோர் முன்னிலையில் செய்யலாகாது என்கிறது. செய்தால் பழி நீங்காது நிற்குமாம். நூல் காட்டும் விளைவு நரகம் அல்ல, ஊரார் பழி. ஈழத்துச் சைவர்களுக்கு ஒழுக்க விதிகளைத் தொகுத்துக் கொடுத்த நல்லூர் ஆறுமுக நாவலரின் சைவ வினாவிடை திருக்கோயிலில் செய்யத் தகாதவற்றை நீளமாகச் சொல்லும். எச்சில் உமிழ்தல், மூக்குச் சிந்துதல், படுத்தல், காலை நீட்டியிருத்தல், வீண் பேச்சு என அதில் வரும் பலவும் ஒருவர் நினைத்தால் செய்யாமல் இருக்கக்கூடியவை.

கொட்டாவி எதற்காக வருகிறது என்பதில் அறிவியலும் நெடுங்காலம் தவறான பாதையில் போனது. காய்ச்சலுக்கு முன் உடலில் சேரும் கெட்ட காற்றை வெளியேற்றவே கொட்டாவி என்று கிரேக்க மருத்துவர் ஹிப்போக்ரட்டீஸ் பெயரில் உள்ள நூல் கருதியது. சரகரும் காய்ச்சலின் முன்குறிகளில் கொட்டாவியைச் சேர்த்திருக்கிறார்; இருவரும் கண்டது உண்மையான காட்சிதான். பின்னாளில் கெட்ட காற்றின் இடத்தை ஒட்சிசன் குறைவு பிடித்தது. இரத்தத்தில் ஒட்சிசன் குறைந்து கரியமிலவாயு கூடினால் கொட்டாவி வரும் என்பதைப் பள்ளியில் படித்தவர்கள் இன்றும் சொல்வார்கள். புரொவைனும் உடன் ஆய்ந்தவர்களும் 1987 இல் அதைச் சோதித்தனர். மாணவர்களுக்குச் சுத்த ஒட்சிசனையும், 3 முதல் 5 வீதம் வரை கரியமிலவாயு கலந்த காற்றையும் சுவாசிக்கக் கொடுத்தனர். கரியமிலவாயு மூச்சின் வேகத்தைக் கூட்டியது. கொட்டாவியின் எண்ணிக்கை மாறவில்லை. உடற்பயிற்சி செய்ய வைத்தபோதும் அப்படியே. கொட்டாவிக்கும் மூச்சுத் தேவைக்கும் நேரடித் தொடர்பு இல்லை என்பது அத்தோடு தெளிவானது. பாடநூல்களை அந்தச் செய்தி எட்டத்தான் காலம் எடுத்தது.

இப்போது அதிகம் பேசப்படுவது வெப்பம். மூளை சூடேறும்போது தாடைத் தசைகளை நீட்டி இரத்த ஓட்டத்தைக் கூட்டி, குளிர்ந்த காற்றை உள்ளிழுத்து அதைத் தணிப்பதே கொட்டாவியின் வேலை என்பது அண்ட்ரூ கேலப்பின் கருத்து. அவரும் கோர்டன் கேலப்பும் 2007 இல் வெளியிட்ட சோதனையில் பிறர் கொட்டாவி விடும் படத்தைப் பார்த்தவர்களுள், நெற்றியில் சூடான ஒத்தடம் வைத்திருந்தோரில் 41 வீதத்தினர் கொட்டாவி விட்டனர்; குளிர்ந்த ஒத்தடம் வைத்திருந்தோரில் 9 வீதத்தினரே. அரிசோனாவின் டூசன் நகரத் தெருக்களில் பார்த்தபோது இதமான குளிர்காலத்தில் 45 வீதத்தினரும், உடல் வெப்பத்தை எட்டும் கோடையில் 24 வீதத்தினரும் கொட்டாவி விட்டனர். வியன்னாவில் முடிவு தலைகீழானது. அங்கே குளிர்காலத்தைவிடக் கோடையில் கூடுதல். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் வெளிக்காற்று மிகச் சூடாக இருந்தால் கொட்டாவியால் பயனில்லை, உறையும் குளிரில் அதற்குத் தேவையில்லை, இடைப்பட்ட வெப்பத்தில்தான் அது பெருகும் என்றாகிறது. 101 இனங்களைச் சேர்ந்த பாலூட்டிகளிலும் பறவைகளிலும் 1,291 கொட்டாவிகளை அளந்து 2021 இல் வெளியான ஆய்வு, பெரிய மூளையும் அதிக நரம்பணுக்களும் உள்ள இனங்கள் நீண்ட கொட்டாவி விடுவதைக் காட்டியது. இது வெப்பக் கருத்துக்கு ஆதரவுதான், நிரூபணம் அல்ல. குளிர்ச்சி எவ்வளவு, அது எவ்வளவு நேரம் நிற்கிறது என்பதில் எதிர்வாதம் ஓயவில்லை.

தூக்கம் வரும்போது விழிப்பைக் கூட்டவே கொட்டாவி வருகிறது என்பதும் பரவலான நம்பிக்கை. சுவிட்சர்லாந்தின் பேர்ண் நகரில் அட்ரியன் குக்கிஸ்பெர்க் குழுவினர் 2007 இல் மூளை மின்னலைகளைப் பதிந்து பார்த்தனர். கொட்டாவிக்கு முன்னால் தூக்கக் கலக்கம் தெரிந்தது. பின்னால் விழிப்புக் கூடியதற்குச் சான்று கிடைக்கவில்லை. ஆனால் ஓட்டப் பந்தயம் தொடங்கும் முன் வீரர்களும், மேடை ஏறும் முன் பாடகர்களும் கொட்டாவி விடுகிறார்கள். அவர்களுக்குச் சலிப்பு என்று யாரும் சொல்ல முடியாது. மூளை ஒரு நிலையிலிருந்து இன்னொரு நிலைக்கு மாறும் இடங்களில், தூங்கி எழும்போதும் தூங்கப் போகும்போதும் பதற்றத்தின் முன்னும், கொட்டாவி வருகிறது என்பதே இப்போதைக்கு எல்லோரும் ஒப்பும் வருணனை.

சிவராத்திரி மண்டபத்தை இந்த அறிவோடு பார்த்தால் அங்கே எல்லாமே கொட்டாவிக்குச் சாதகமாக அமைந்திருக்கின்றன. வெளியே உறைபனி, உள்ளே சூடாக்கி. தடித்த மேலாடையைக் கழற்றாமல் நெருங்கி உட்கார்ந்த கூட்டம். வழக்கமான தூக்க வேளை கடந்துவிட்டது. ஓதுபவர் குரல் ஒரே சீராக ஒலிக்கிறது. வெப்பமும் தூக்கமின்மையும் சீரான ஒலியும் ஒன்றுசேரும் அந்த நேரத்தில் வரும் கொட்டாவி பக்திக் குறைவை அளக்கும் கருவி ஆகாது. மண்டபத்துக்கு வெளியே வந்து குளிர்காற்றில் சிறிது நின்றால் கொட்டாவி குறைவதும் வெப்பக் கருத்தோடு ஒத்துப்போகும்.

சமயச் சிந்தனைக்கு இன்னும் பெரிய தூண்டுதலைத் தந்தது கொட்டாவியின் தொற்று. ஒருவர் விட்டால் மற்றவருக்கு வரும். படத்தில் பார்த்தாலும் வரும். அதைப் பற்றி வாசிக்கும்போதும் வரலாம். ஒன்ராறியோவின் லண்டன் நகரிலுள்ள வெஸ்ரேர்ண் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மெல்வின் குடேலும் உடன் ஆய்ந்தவர்களும் 2009 இல், கொட்டாவியின் ஒலியைக் கேட்டாலே கொட்டாவி விடும் உந்துதல் எழுவதைப் பதிவு செய்தனர். நான்கு வயதுக்கு முன் பிள்ளைகளுக்கு இது அரிதாகவே தொற்றுகிறது. சிம்பன்சிகளிடம் 2004 இல் இது காணப்பட்டது. 2008 இல் இங்கிலாந்தின் லண்டனில் மனிதர் கொட்டாவி விடுவதைப் பார்த்த 29 நாய்களில் 21 கொட்டாவி விட்டன.

இதிலிருந்து ஒரு கவர்ச்சியான முடிவு பிறந்தது: பிறர் நிலையைத் தன் நிலையாக உணரும் பரிவுதான் கொட்டாவித் தொற்று. இத்தாலிய ஆய்வாளர்கள் ஐவன் நோர்ஷாவும் எலிசபெத்தா பலாஜியும் 2011 இல் வெளியிட்ட கண்காணிப்பில், உறவினரிடமிருந்து மிக எளிதாகவும், நண்பரிடமிருந்து அடுத்தபடியாகவும், அந்நியரிடமிருந்து மிகக் குறைவாகவும் கொட்டாவி தொற்றியது. எல்லா உயிரும் ஒன்றே என்ற கருத்துக்கு உடலே சான்று சொல்வதாகச் சொற்பொழிவாளர்கள் இதை எடுத்துக்கொள்ள விரும்புவார்கள். அவசரம் வேண்டாம். டியூக் பல்கலைக்கழகத்தில் 328 பேரைச் சோதித்த 2014 ஆம் ஆண்டு ஆய்வு, தொற்றுக்கும் பரிவு மதிப்பெண்ணுக்கும் வலுவான தொடர்பைக் காணவில்லை. வயதுக்கு மட்டும் சிறு பங்கு இருந்தது. வயது கூடினால் தொற்று குறைவு. ஓட்டிசம் உள்ள பிள்ளைகளுக்குத் தொற்றுவதில்லை என்று 2007 இல் சொல்லப்பட்டது. முகத்தைப் பார்க்க வைத்துச் சோதித்தபோது அவர்களுக்கும் மற்றவர்களைப் போலவே தொற்றியதைப் பின்வந்த ஆய்வு காட்டியது. அவர்களிடம் குறைந்தது பரிவு அல்ல, முகத்தைப் பார்ப்பதுதான்.

உறவினர் முகத்தை நாம் அதிகம் பார்க்கிறோம், அந்நியர் முகத்தைத் தவிர்க்கிறோம். விடியற்காலையில் ஸ்ரௌவ்வில்லிலிருந்து ரொறன்ரோவின் யூனியன் நிலையத்துக்குப் போகும் கோ ரயில் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. தூக்கம் கலையாத ஒரு பெட்டி நிறைய மனிதர், கொட்டாவிக்குக் குறைவில்லை. ஆனால் ஒவ்வொருவரும் கைப்பேசியைக் குனிந்து பார்த்துக்கொண்டிருக்க, ஒருவர் வாய் திறப்பதை மற்றவர் பார்ப்பதேயில்லை. அதே மனிதர்கள் மாலையில் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்தால் ஒரு கொட்டாவி சுற்றி வந்துவிடும். ரயிலில் இருந்தவர்கள் அன்பற்றவர்கள், வீட்டில் இருப்பவர்கள் அருளாளர்கள் என்று இதிலிருந்து சொல்ல முடியாது. பரிவு என்பது மற்றவர் துன்பம் கண்டு இரங்கிச் செயலில் இறங்குவது. கொட்டாவித் தொற்றோ ஒரு கூட்டத்தின் உடல்களை ஒரே நிலைக்குக் கொண்டுவரும் பழைய ஏற்பாடாக இருக்கலாம். தென்னாபிரிக்கச் சிங்கங்களைப் பார்த்த 2021 ஆம் ஆண்டு ஆய்வில், ஒன்றிடமிருந்து கொட்டாவி தொற்றிய சிங்கம் அதைத் தொடர்ந்து அதன் அசைவுகளையும் பின்பற்றியது. சிங்கத்துக்கு அதனால் கூட்டமாக இயங்குவது எளிதாகிறது; இரக்கம் சுரந்ததாகச் சொல்ல இடமில்லை.

தொற்றின் வலிமையை நாட்டு வழக்கம் வேறொரு வகையில் கண்டுகொண்டது. கண்ணூறு கழிக்கும் பெரியவர் மந்திரம் முணுமுணுக்கும்போது அவருக்குக் கொட்டாவி வந்தால், பிள்ளைக்குப் பட்ட கண்ணூறு பெரியது என்று தமிழ் வீடுகளில் சொல்வார்கள். கிரேக்கர்களிடமும் இதே நம்பிக்கை உண்டு. மெல்லிய குரலில் ஒரே தாளத்தில் நீளும் சொற்களும், கொட்டாவி வரும் என்ற எதிர்பார்ப்பும், சோர்ந்துபோய்த் தானும் கொட்டாவி விடும் பிள்ளையின் முகமும் அங்கே ஒன்றாகச் சேர்கின்றன. எதிர்பார்ப்பே கொட்டாவியை வரவழைக்கப் போதுமானது. கண்ணூறு இருக்கிறதா என்பதை இந்த விளக்கம் தீர்க்காது. கொட்டாவி அதற்குச் சான்றாகாது என்பதை மட்டும் காட்டும்.

இனி முதற்கேள்வி. சைவ சித்தாந்தம் உடலையும் உயிரையும் பிரிக்கும்போது தூக்கத்தை ஒரு சான்றாகப் பயன்படுத்துகிறது. 13 ஆம் நூற்றாண்டில் மெய்கண்டார் அருளிய சிவஞானபோதத்தின் மூன்றாம் சூத்திரம் உயிர் உண்டு என்று நிறுவ அடுக்கும் காரணங்களில் ஒன்று இது: தூக்கத்தில் மூச்சு ஓடிக்கொண்டிருக்கிறது, ஆனால் நுகர்ச்சியும் வினையும் இல்லை, எனவே மூச்சே உயிர் அல்ல. உடலை மாயையால் ஆன எந்திரம் என்றே அந்தச் சூத்திரம் குறிக்கிறது. கொட்டாவியை இந்த அளவுகோலில் வைத்தால் அது எந்திரத்தின் பக்கம் விழுகிறது. செயலிழந்த கை எழுவதும், கருவில் வாய் திறப்பதும் உயிரின் விருப்பத்தால் ஆனவை அல்ல. பகவத்கீதையின் ஐந்தாம் அத்தியாயம், பார்ப்பதும் மூச்சுவிடுவதும் இமைப்பதும் நடக்கையில் ‘நான் எதையும் செய்யவில்லை’ என்று அறிந்திருப்பவனைப் பற்றிப் பேசுகிறது. பார்ப்பதற்கும் நடப்பதற்கும் அந்த அறிவை எட்டப் பெரும் பயிற்சி வேண்டும். கொட்டாவிக்கு வேண்டியதில்லை, அதைத் தான் செய்ததாகச் சாதாரண மனிதரே நினைப்பதில்லை.

இங்கே ஒரு தடை எழும். விருப்பமின்றி நடந்ததற்குப் பயனே இல்லை என்றால், சிவராத்திரியின் பெருமையைச் சொல்லும் கதையே ஆட்டம் காண்கிறது. விலங்குக்கு அஞ்சி வில்வ மரத்தில் ஏறிய வேடன், தூங்கி விழாதிருக்க இலைகளைப் பறித்துக் கீழே போட்டான். அடியில் சிவலிங்கம் இருந்தது அவனுக்குத் தெரியாது. ஆனாலும் நற்கதி பெற்றான். கந்தபுராணத்தில் மரத்தின்மேல் இருந்த குரங்கு வில்வ இலைகளை இறைவன்மேல் உதிர்த்து, முசுகுந்தச் சக்கரவர்த்தியாகப் பிறக்கிறது. அறியாமற் செய்ததையும் சிவபுண்ணியமாகச் சித்தாந்தம் எண்ணுகிறது. அறியாத நன்மை வரவில் ஏறும் என்றால், அறியாத கொட்டாவி செலவில் ஏற வேண்டாமா? சித்தாந்தத்தின் பதில் கணக்குச் சமன்பாட்டில் இல்லை. வேடன் பெற்றது அவன் செயலுக்கான கூலி அல்ல. அருள் தனக்கு ஒரு சாக்கைத் தேடிக்கொண்டது. அருளுக்குச் சாக்குப் போதும். தண்டனைக்குக் குற்றம் வேண்டும். இந்தச் சமமின்மை வேண்டுமென்றே வைக்கப்பட்டது, அதை நீக்கினால் கதைக்குப் பொருளில்லை.

ஆயினும் கொட்டாவி முழுதும் விருப்பத்துக்கு வெளியே இல்லை. நொட்டிங்ஹாம் பல்கலைக்கழகத்தினர் 2017 இல் வெளியிட்ட சோதனையில் 36 பேர் கொட்டாவிப் படங்களைப் பார்த்தனர்; சில வேளைகளில் தாராளமாக விடச் சொன்னார்கள், சில வேளைகளில் அடக்கச் சொன்னார்கள். அடக்கச் சொன்னபோது முழுக் கொட்டாவி குறைந்து, பாதியில் விழுங்கிய கொட்டாவி கூடியது. விடவேண்டும் என்ற உந்துதலோ அதிகமானது. எழுவது கையில் இல்லை, வெளிப்படும் விதம் ஓரளவு கையில் இருக்கிறது. ஆசாரக்கோவையும் நபிமொழியும் கேட்பது அந்த ஓரளவைத்தான். எவாகிரியஸ் கண்டித்ததும் கொட்டாவியை அல்ல, அதற்கு முன்பே படிப்பை வெறுக்கத் தொடங்கிய மனத்தை. ஓயாமல் வரும் கொட்டாவி ஒற்றைத் தலைவலிக்கோ மயக்கத்துக்கோ முன்குறியாகவும் இருக்கலாம் என்பதால், கோயிலில் அப்படி ஒருவரைக் கண்டால் முறைப்பதைவிடத் தண்ணீர் கொடுப்பது பொருத்தம்.

பெரியோர் முன் கொட்டாவி பழியாவதற்குக் காரணம், அவர்களுக்குத் தெரிவது திறந்த வாய் மட்டும் என்பது. அது களைப்பா, சலிப்பா, அவமதிப்பா என்று எதிரே இருப்பவரால் பிரித்தறிய முடியாது. ஆகவே ஐயத்துக்கு இடம் கொடாதே என்கிறது ஒழுக்க நூல். சித்தாந்தம் காட்டும் இறைவன் உயிருக்குள் நின்று அதற்கு உணர்த்துபவன். அவனுக்கு வாயைப் பார்த்து மனத்தை ஊகிக்கும் தேவை இல்லை. எனவே இரண்டாம் யாமத்தில் கையால் வாயை மூடிக்கொள்பவர் சந்நிதிக்குச் செய்யும் மரியாதை என்று எதுவுமில்லை. பக்கத்தில் இருப்பவருக்கு ஓர் உதவி உண்டு: கண் வழியாகத் தொற்றுவது அங்கே நின்றுவிடுகிறது. ஒலியை அடக்காவிட்டால் அதுவும் பாதி உதவிதான்.